குறைந்த சம்பளத்தில் இருந்துகொண்டு துணையை பிரிட்டனுக்கு விசிட் விசாவில் அழைப்பது எப்படி?

கேர் ஹோமில் வேலை செய்பவர்கள், மாஸ்டர்ஸ் படிக்க வந்தவர்கள், கடைகளில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு நிற்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "என் சம்பளத்துக்கு வீட்டுக்காரரை, மனைவியை, ஒரு மூன்று வாரம் இங்கே கூப்பிட முடியுமா?"

முடியும். இந்தக் கேள்வி இப்போது அதிகமாகக் காதில் விழுவதற்குக் காரணம் உண்டு. 2024 ஜனவரி 1 முதல் தொடங்கிய படிப்புகளுக்கு வரும் மாணவர்களில், ஆராய்ச்சிப் படிப்பு படிப்பவர்களையும் வேறு சில விதிவிலக்குகளையும் தவிர மற்றவர்கள் குடும்பத்தை டிபென்டன்ட் விசாவில் (தம்மைச் சார்ந்தவர்களுக்கான விசா) அழைத்துவர முடியாது. 2024 மார்ச் 11 முதல் விண்ணப்பித்து வந்த கேர் வொர்க்கர்களுக்கும் அதே நிலைமைதான். இங்கே நிரந்தரமாகக் குடியேறியவர்களுக்கோ, துணை வந்து சேர்ந்து வாழ்வதற்கான ஸ்பவுஸ் விசாவின் வருமான வரம்பு 2024 ஏப்ரலில் 18,600 பவுண்டிலிருந்து 29,000 பவுண்டாக ஏறியது. சம்பளம் குறைவாக உள்ளவர்கள் துணையைக் கொஞ்ச நாளாவது பக்கத்தில் வைத்துப் பார்க்க இருக்கும் வழி விசிட் விசாதான்.

முதலில் ஒரு பயத்தை இறக்கி வையுங்கள். அந்த 29,000 பவுண்ட் கணக்கு ஸ்பவுஸ் விசாவுக்கு மட்டும் உரியது. ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசாவில் (விசிட் விசாவின் முழுப் பெயர் இது) ஸ்பான்சர், அதாவது செலவை ஏற்று அழைப்பவர், இவ்வளவு சம்பாதிக்க வேண்டும் என்று எந்தத் தொகையும் விதியில் இல்லை. வங்கியில் இவ்வளவு இருக்க வேண்டும் என்றும் இல்லை. "அக்கவுண்டில் பத்தாயிரம் காட்டணும்" என்று யாராவது சொன்னால் அது அவர் சொந்தக் கணக்கு, ஹோம் ஆபீஸ் (பிரிட்டிஷ் உள்துறை) கணக்கு இல்லை.

விசா அதிகாரி எதைப் பார்க்கிறார்

வருபவர் வேலை செய்யாமல், அரசு உதவி வாங்காமல், போகவர டிக்கெட் உட்பட எல்லாச் செலவையும் சமாளிக்க முடிய வேண்டும். அந்தச் செலவை வேறொருவர் ஏற்கலாம் என்று விதியே சொல்கிறது. அப்படி ஏற்பவரிடம் மூன்று விஷயங்கள் பார்ப்பார்கள். வருபவரோடு உண்மையான உறவு இருக்கிறதா? ஸ்பான்சர் குடிவரவுச் சட்டத்தை மீறாமல் இருக்கிறாரா? சொன்ன நாட்களுக்குச் சொன்ன செலவைச் செய்ய அவரால் முடியுமா, செய்வாரா?

இதில் இரண்டாவதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பட்டப்படிப்பு மாணவருக்குப் படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி. வருமானம் நிறையத் தெரியட்டும் என்று முப்பது மணி நேர பே ஸ்லிப்பை இணைத்தால், விசா விதியை மீறியதற்கு நீங்களே சாட்சி கொடுத்ததாகிவிடும். துணையின் விசாவோடு உங்கள் விசாவுக்கும் சிக்கல். பகுதி நேர வருமானம் மட்டும் இருக்கும் மாணவர்கள், தங்க இடம் மட்டும் தாங்கள் தருவதாகவும் மற்ற செலவைத் துணையே பார்ப்பதாகவும் விண்ணப்பிப்பது நல்லது.

இத்தனையும் பணம் பற்றியது. ஆனால் துணையை அழைக்கும்போது பெரிய கேள்வி பணம் இல்லை, "இவர் திரும்பிப் போவாரா?" என்பதுதான். அம்மா அப்பாவை அழைக்கும்போது இந்தச் சந்தேகம் இவ்வளவு கூர்மையாக இருக்காது. கணவனோ மனைவியோ இங்கே இருக்கிறார், டிபென்டன்ட் விசாவுக்கு வழியில்லை அல்லது ஸ்பவுஸ் விசாவுக்குச் சம்பளம் பத்தவில்லை. அப்படியானால் விசிட்டில் வந்து தங்கிவிடத் திட்டமா என்றுதான் அதிகாரி யோசிப்பார். அவர் அப்படி யோசிப்பது உங்களுக்கு வலிக்கலாம். ஆனாலும் அதைத் தெரிந்துகொண்டே விண்ணப்பத்தைக் கட்ட வேண்டும். சின்ன வருமானம், சின்னப் பயணம், ஒளிவுமறைவில்லாத கணக்கு: இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால் சம்பளம் குறைவு என்பது தடையாக இருக்காது.

செலவுக் கணக்கைப் போடுங்கள்

ஃபாரத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, லெஸ்டரில் ஒரு கேர் வொர்க்கர். மணிக்கு 12.82 பவுண்ட், வாரம் முப்பத்தேழரை மணி நேரம், ஆண்டுக்கு 25,000. வரி, நேஷனல் இன்சூரன்ஸ், பென்ஷன் எல்லாம் பிடித்தது போக மாதம் சுமார் 1,730 பவுண்ட் கைக்கு வரும். அறை வாடகை பில்லோடு 500, சாப்பாடு 200, பஸ் 75, ஃபோன் 15, ஊருக்கு அனுப்புவது 500, மற்ற செலவு 190. மொத்தம் 1,480. மாதம் 250 மிஞ்சும். ஆறு மாதத்தில் 1,500 சேரும்.

இப்போது மூன்று வாரப் பயணத்துக்கு என்ன ஆகும்? விமான டிக்கெட் 650 என்று வைத்துக்கொள்வோம். விசா கட்டணம் (2025 ஏப்ரல் நிலவரப்படி) 127, பயண இன்சூரன்ஸ் 30, வாரம் நூறு வீதம் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் 300, லண்டனுக்கு ஒருநாள் போய்வர 150. கூட்டினால் 1,257. சேமிப்புக்குள் அடங்கிவிட்டது. டிக்கெட்டைத் துணை தன் சம்பளத்தில் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. பணம் மிச்சமாவதை விட, அவருக்கும் சொந்த வருமானம் இருக்கிறது என்று தெரிவதுதான் அதில் பெரிய லாபம்.

இதே ஆள் "மூன்று மாதம் தங்குவார், எடின்பரோ, மான்செஸ்டர் எல்லாம் சுற்றுவோம்" என்று எழுதினால் கணக்கு உடைந்துவிடும். விசா ஆறு மாதம் வரை தங்க அனுமதிப்பதால் ஆறு மாதம் கேட்க வேண்டும் என்று இல்லை. அதோடு, ஊரில் வேலையில் இருப்பவருக்கு மூன்று மாத லீவு யார் கொடுப்பார்கள் என்ற கேள்வியும் வரும். முதல் பயணத்துக்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் கேளுங்கள்.

இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை. ஆனால் இங்கிலாந்தில் விசிட்டராக வந்து ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால், பெரும்பாலான சிகிச்சைக்கு என்.ஹெச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) தன் விலையில் 150 சதவீதம் வசூலிக்கும். குறைந்த சம்பளத்தில் அப்படி ஒரு பில் வந்தால் தாங்க முடியாது. முப்பது பவுண்டை மிச்சம் பிடிக்காதீர்கள்.

உங்கள் பக்கத்துக் காகிதங்கள்

ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், அதே ஆறு மாதத்துக்கு பே ஸ்லிப், வேலை கொடுத்தவரின் கடிதம், பாஸ்போர்ட் நகல், இங்கே இருக்கும் விசா நிலைக்கான சான்று. துணை வரும் நாட்களில் உங்களுக்கு லீவு கிடைத்திருந்தால் அந்த ஒப்புதல் மின்னஞ்சலையும் வையுங்கள். சேர்ந்து நேரம் செலவழிக்கத்தான் வருகிறார் என்பதற்கு அது நல்ல சான்று.

ஸ்டேட்மெண்டை அதிகாரி வாசிப்பதுபோல ஒருமுறை நீங்களே வாசித்துப் பாருங்கள். பே ஸ்லிப்பில் உள்ள நிகரத் தொகை அதே மாதம் வங்கியில் விழுந்திருக்கிறதா? வாடகை கட்டிய பதிவு தெரிகிறதா? இருப்பு மெதுவாக ஏறுகிறதா? விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்பு நண்பரிடமிருந்து மூவாயிரம் பவுண்ட் வந்து உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு வரிதான் கண்ணில் படும். விளக்கமில்லாத பெரிய தொகை, குறைவான இருப்பை விட மோசம். நியாயமாக வந்த பணம் என்றால் ஆதாரம் வையுங்கள்: சீட்டு எடுத்தது என்றால் சீட்டுக் கம்பெனி ரசீது, நகைக்கடன் என்றால் அடகு ரசீது, பி.எஃப். என்றால் அதன் கடிதம். நகைக்கடனை நான் பரிந்துரைக்க மாட்டேன்; கடன் வாங்கித்தான் வருகிறார் என்றால் பயணம் கைமீறியது என்று தோன்றும்.

அப்புறம் தங்கும் இடம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பகிர்ந்த வீட்டில் ஒற்றை அறையில் இருப்பவர்கள், இரண்டாவது ஆள் மூன்று வாரம் தங்கலாம் என்று வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். பல வாடகை ஒப்பந்தங்களில் "ஒரு நபர்" என்றே இருக்கும். ஒப்பந்தத்தை மட்டும் இணைத்தால் அதுவே உங்களுக்கு எதிராகப் பேசும். ஒரு மின்னஞ்சல் போதும்: இன்னார், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, என் சம்மதத்தோடு. வீட்டு உரிமையாளர் மறுத்தால், குடும்பத்தோடு தனி வீட்டில் இருக்கும் அக்காவோ அண்ணனோ நண்பரோ இடம் தருவதாகக் கடிதம் கொடுக்கலாம். அப்போது அவர்களுடைய வாடகை ஒப்பந்தமோ கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வீட்டு வரி) பில்லோ கூடவே வேண்டும்.

துணையின் பக்கத்துக் காகிதங்கள்

விண்ணப்பதாரர் அவர்தான். உங்கள் கோப்பு தடிமனாகவும் அவருடையது மெலிந்தும் இருந்தால் விண்ணப்பம் சாய்ந்துவிடும். வேலை, சம்பளம், சேர்ந்த தேதி, லீவு தேதி, திரும்பிச் சேரும் தேதி இத்தனையும் உள்ள கம்பெனிக் கடிதம். சம்பளம் விழும் கணக்கின் ஆறு மாத ஸ்டேட்மெண்ட். இந்தியாவில் இருப்பவர் என்றால் ஃபாரம் 16 அல்லது வருமான வரித் தாக்கல். இலங்கையில் என்றால் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) விவரம். சொந்தத் தொழில் என்றால் பதிவுச் சான்றும் தொழில் கணக்கும்.

சம்பளத்தைக் கையில் வாங்குபவர்கள் நம் ஊரில் ஏராளம். ஜவுளிக்கடையில் இருபதாயிரம் வாங்குகிறார், வங்கியில் ஒன்றும் தெரியாது. அவசரமில்லை என்றால் ஆறு மாதம் முன்பே அந்தச் சம்பளத்தை மாதாமாதம் கணக்கில் போட ஆரம்பியுங்கள். கடை முதலாளியிடம் சம்பளச் சான்று வாங்கி, கையில் தருகிறார்கள் என்பதைக் கடிதத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

வேலைக்குப் போகாத துணை என்றால் கொஞ்சம் கஷ்டம்தான், முடியாதது இல்லை. அவரை ஊரோடு கட்டி வைத்திருப்பது என்ன என்று யோசியுங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பாட்டியோடு ஊரிலேயே இருக்கிறார்களா? சிகிச்சையில் இருக்கும் மாமியார் இவரை நம்பி இருக்கிறாரா? பாதியில் இருக்கும் பி.எட். படிப்பா? ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் இருக்கும்: போனஃபைட் சான்று, மருத்துவச் சீட்டு, தேர்வு அட்டவணை. வீட்டுப் பட்டாவை வைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டைப் பூட்டிவிட்டும் வரலாம் என்பது அதிகாரிக்குத் தெரியும். முன்பு சிங்கப்பூரோ துபாயோ போய் ஒழுங்காகத் திரும்பியிருந்தால் அந்த முத்திரைப் பக்கங்களை மறக்காமல் இணையுங்கள்.

உறவுக்குச் சான்றாகத் திருமணப் பதிவுச் சான்றிதழ். தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்; அதில் மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி எல்லாம் இருக்க வேண்டும். இன்னும் திருமணம் ஆகாதவர்களும் விண்ணப்பிக்கலாம். பல ஆண்டுகளில் எடுத்த எட்டுப் பத்துப் புகைப்படங்கள், பணம் அனுப்பிய ரசீதுகள், நீங்கள் ஊருக்குப் போய் வந்த டிக்கெட்டுகள் போதும். நூறு பக்க வாட்ஸ்அப் உரையாடலை யாரும் வாசிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: விசிட் விசாவில் வந்து இங்கே திருமணம் செய்ய முடியாது, அதற்குத் தனியாக மேரேஜ் விசிட்டர் விசா இருக்கிறது.

நம் பெயர் வழக்கத்தால் வரும் தொல்லை ஒன்றும் உண்டு. ஒரு காகிதத்தில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக, திருமணத்துக்குப் பின் எடுத்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். மூன்று காகிதத்தில் மூன்று பெயர் இருந்தால் மூன்று ஆள் என்று நினைக்க வாய்ப்புண்டு. கவரிங் லெட்டரில் (விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதம்) இரண்டு வரியில் விளக்கிவிடுங்கள்.

அழைப்புக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்

இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். ஒன்றரைப் பக்கத்துக்குள், ஆங்கிலத்தில், சொந்த வார்த்தையில் எழுதுங்கள். நீங்கள் யார், எந்த விசாவில் இருக்கிறீர்கள், எங்கே வேலை, மாதம் எவ்வளவு கைக்கு வருகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது, பயணத்துக்கு எவ்வளவு ஆகும், அதில் யார் எதைக் கொடுக்கிறார்கள். மேலே போட்ட கணக்கை அப்படியே எழுதலாம்.

அடுத்து அந்தச் சங்கடமான விஷயம். அதை நேராகவே எழுதிவிடுங்கள். இப்படி: "என் விசாப் பிரிவில் மனைவியை டிபென்டன்டாக அழைக்க அனுமதி இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். விசிட்டராக வந்தவர் இங்கிருந்தபடியே துணை விசாவுக்கு மாற முடியாது என்பதும் தெரியும். அவர் 22 நாட்கள் தங்கிவிட்டு, லீவு முடிவதற்குள் வேலைக்குத் திரும்புவார். சென்ற ஆண்டு நான் ஊருக்குப் போய் வந்தேன். இந்த முறை அவர் வருகிறார்." அதிகாரி மனதில் இருக்கும் கேள்விக்கு நீங்களே முன்வந்து பதில் சொல்வதற்கு மதிப்பு அதிகம். பிற்காலத்தில் ஸ்பவுஸ் விசாவுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஊரிலிருந்து முறைப்படி விண்ணப்பிப்போம் என்று எழுதுங்கள். ஸ்பவுஸ் விசாவுக்கான வழி வைத்திருப்பவர்கள் விசிட்டில் வந்து ஓவர்ஸ்டே ஆகி (விசா காலம் கடந்தும் தங்கி) அதைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது நியாயமான வாதம்.

விண்ணப்பிப்பது

பிரிட்டிஷ் அரசின் அதிகாரபூர்வ தளத்தில் ஆன்லைனில்தான் விண்ணப்பம். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து போடலாம். ஆறு மாத விசாவுக்கான கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்ட் ஆனது. கட்டணங்கள் அடிக்கடி ஏறுவதால் கட்டுகிற அன்று தளத்தில் பாருங்கள். ஃபாரத்தில் மாத வருமானம், மாதச் செலவு, பயணத்துக்கு எவ்வளவு செலவு, வேறு யார் கொடுக்கிறார்கள், எவ்வளவு, ஏன் என்று கேட்பார்கள். ஏஜென்ட் நிரப்பினாலும் அனுப்புவதற்கு முன் துணை ஒவ்வொரு பதிலையும் வாசித்தே ஆக வேண்டும். ஃபாரத்தில் ஒரு தொகை, கடிதத்தில் ஒரு தொகை இருந்தால் இரண்டுமே நம்பப்படாது. முன்பு எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டிருந்தால் "ஆம்" என்றே சொல்லுங்கள்.

பணம் கட்டியதும் சென்னையிலோ கொழும்பிலோ வி.எஃப்.எஸ். மையத்தில் (விசா விண்ணப்பங்களை வாங்கும் தனியார் நிறுவனம்) கைரேகைக்கு நேரம் எடுக்க வேண்டும். காகிதங்களை நீங்களே அப்லோட் செய்தால் காசு இல்லை. மையத்தில் ஸ்கேன் செய்யச் சொன்னால் கட்டணம். அங்கே எஸ்.எம்.எஸ்., கூரியர், லவுஞ்ச் என்று என்னென்னவோ விற்பார்கள். எதுவும் கட்டாயம் இல்லை. பிரயாரிட்டி சேவைக்கு 500 பவுண்ட் வாங்குகிறார்கள். அது முடிவை வேகப்படுத்தும், சாதகமாக்காது. கைரேகை கொடுத்த நாளிலிருந்து வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு வரும். விசா கையில் வரும்வரை டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். அரசுத் தளத்திலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஏஜென்ட் பற்றி ஒரு வார்த்தை. "அக்கவுண்டில் நாங்களே பணம் போட்டுக் காட்டுகிறோம், பர்சன்டேஜ் கொடுத்தால் போதும்" என்று சொல்பவரிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள். போலி ஸ்டேட்மெண்டோ, போலி வேலைக் கடிதமோ பிடிபட்டால் விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு பத்தாண்டுத் தடை வரலாம். தடை விழுவது ஏஜென்ட் மேல் இல்லை, உங்கள் துணை மேல். பிரிட்டனில் காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்பவர் வழக்கறிஞராகவோ, இமிகிரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் (குடிவரவு ஆலோசகர்களைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவு செய்தவராகவோ இருக்க வேண்டும். பதிவுப் பட்டியலை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

மறுத்துவிட்டால்

விசிட் விசா மறுப்புக்கு வழக்கமான மேல்முறையீடு கிடையாது. முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று பார்க்கச் சொல்லி நீதிமன்றத்தில் ஜுடிஷியல் ரிவ்யூ போடலாம். சம்பளம் குறைவாக உள்ளவர்களுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. திரும்ப விண்ணப்பிப்பதுதான் நடைமுறை. இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை, ஆனால் அதே காகிதங்களோடு மறுவாரமே போட்டால் அதே பதில்தான் வரும், கட்டணமும் போகும்.

மறுப்புக் கடிதத்தைக் கோபம் தணிந்த பிறகு வரி வரியாக வாசியுங்கள். "உங்கள் கணக்கில் வந்த தொகை எங்கிருந்து வந்தது என்று காட்டவில்லை", "உங்கள் வேலையைப் பற்றி ஆதாரம் இல்லை" என்று குறிப்பாகவே எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு காரணத்தையும் எண் போட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே புதிய காகிதம் ஒன்று வையுங்கள். அடுத்த கவரிங் லெட்டர் அந்த வரிசையிலேயே போகட்டும். ஒரு காரணத்துக்குப் பதில் இல்லை என்றால், அது கிடைக்கும்வரை பொறுங்கள்.

விசா வந்த பிறகு

அழைப்புக் கடிதம், உங்கள் முகவரி, ஃபோன் எண், திரும்பும் டிக்கெட், இன்சூரன்ஸ் ஆகியவற்றின் நகலைத் துணை கைப்பையில் வைத்திருக்கட்டும். செக்-இன் பெட்டியில் போட வேண்டாம். விமான நிலையத்தில் அதிகாரி எங்கே தங்குவீர்கள், எத்தனை நாள், கணவர் என்ன வேலை என்று கேட்கலாம். ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை, ஃபாரத்தில் சொன்னதையே சொன்னால் போதும்.

இங்கே இருக்கும்போது தெரிந்தவர் கடையில் நாலு மணி நேரம் உதவிக்கு நிற்பதுகூட வேலைதான், வேண்டாம். மூன்று வாரம் என்று சொல்லி வந்தவர் ஐந்து மாதம் தங்கினால், விசா காலத்துக்குள்ளேயே இருந்தாலும் அடுத்த விண்ணப்பத்தில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். வருடா வருடம் துணையைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் சொன்ன தேதிக்கே அனுப்பி வையுங்கள். பிரிட்டனை விட்டுக் கிளம்பும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த மாட்டார்கள். அதனால் திரும்பிப் போன போர்டிங் பாஸையும், ஊரில் இறங்கியபோது குத்திய வருகை முத்திரையின் நகலையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். அடுத்த விண்ணப்பத்தில் அவற்றையும் சேர்க்க வேண்டும்.